வைகை அணை ஜிலேபி மீன் ஏன் பெருசாகவே மாட்டேங்குது? ஆப்பிரிக்கக் கடலோரத்தில் தொடங்கும் கதை

வைகை அணைக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பூங்காவை முழுசாகப் பார்க்கிறார்களோ இல்லையோ, பொரித்த மீனை ஒரு கை பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அந்தத் தட்டில் ஜிலேபிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. மசாலா தடவி, எண்ணெயில் முறுகலாக எடுத்துப் போட்டால் தலை முதல் வால் வரை காலியாகிவிடும்.

ஆனால் மீன் வாங்குகிற எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். அதே தண்ணீரில் வளர்கிற கட்லா கிலோ கணக்கில் எடை போடுகிறது. ஜிலேபி மட்டும் ஏன் உள்ளங்கை அகலத்தைத் தாண்டவே மாட்டேங்குது? இரை கிடைக்கலையா? தண்ணி சரியில்லையா?

பதில் கொஞ்சம் விசித்திரமானது. ஜிலேபி சின்னதாக இருப்பதற்குக் காரணம், அது தன் குஞ்சுகளை அளவுக்கு மீறி நன்றாக வளர்ப்பதுதான். அந்தப் பழக்கம் தேனியில் வந்ததில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் உருவானது.

கடலோர மீன் மலையடிவாரத்துக்கு எப்படி வந்தது?

நாம் ஜிலேபி என்று சொல்லும் மீனின் உலகப் பெயர் மொசாம்பிக் திலேப்பியா. ‘திலேப்பியா’ என்பதுதான் நம்ம ஊர் நாக்கில் புரண்டு ‘ஜிலேபி’ ஆனது. இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1852-ல் இந்த மீனை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தார்.

இதன் சொந்த ஊர் சாம்பெசி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதிக் கடலோர ஆறுகள் வரை நீள்கிறது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களும் காயல்களும் இதற்குப் பிடித்த இடங்கள். அங்கே தண்ணீர் நிலையாக இருக்காது. மழை பெய்தால் நன்னீர், கோடையில் உப்பு நீர். இன்றைக்கு முழங்கால் ஆழம் இருக்கும் இடம் அடுத்த வாரம் மணல் திட்டாகிவிடும்.

அப்படிப்பட்ட இடத்தில் பிழைக்க இந்த மீனுக்கு ஒரு வசதி உண்டு. இதன் செவுள்களில் உப்பைக் கையாளும் தனி செல்கள் இருக்கின்றன. நன்னீரில் இருக்கும்போது அவை தண்ணீரிலிருந்து உப்பை உள்ளே இழுக்கும். கடல் நீருக்குப் போனால் அதே வகைச் செல்கள் தம்மை மாற்றிக்கொண்டு உப்பை வெளியே தள்ளும். கடல் நீரில் இது உயிர் வாழ்வதோடு முட்டையும் இடும். அதனால் கடலோர உவர்நீர்க் குளத்திலும் விடலாம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அணையிலும் விடலாம்.

இந்தியாவுக்கு இது வந்தது 1952-ல். தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் குஞ்சுகள் கொண்டுவரப்பட்டன. தமிழ்நாட்டில் இது முதலில் இறங்கிய இடம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம். அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. வைகை பாக் நீரிணையில் சேரும் ஆற்றங்கரைக் கிராமமும் அதே மாவட்டம்தான். அதாவது வைகையின் கடைமடைப் பக்கத்தில் இறங்கிய மீன், சில ஆண்டுகளில் வைகையின் தலைப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நீந்தி வரவில்லை, மனிதர்கள்தான் சுமந்து வந்தார்கள்.

வைகை அணை திறக்கப்பட்டது 1959-ல். தமிழ்நாட்டில் புதுப்புது அணைகள் எழுந்த காலம் அது. ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பல நீர்த்தேக்கங்களில் ஜிலேபி விடப்பட்டது. 1960-களின் முடிவுக்குள் மாநிலத்தின் பல அணைகளில் வலை போட்டால் அதிகம் ஏறும் மீனாக அது ஆகிவிட்டது. இத்தனைக்கும், இதை மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959-லேயே சொல்லிவிட்டது. மீனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

மொத்த ஆசியாவுக்கும் அஞ்சே மீன்

இந்த மீனின் மரபணுக் கதை இன்னும் சுவாரசியம். 1930-களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவா தீவில், தென்கடற்கரையில் செராங் ஆறு கடலைத் தொடும் இடத்தில் சில புது மீன்கள் கிடைத்தன. கண்டெடுத்தவர் முஜாய்ர் என்ற உள்ளூர்க்காரர். ஆப்பிரிக்க மீன் அங்கே எப்படி வந்தது என்பது இன்றுவரை புதிர். அவர் பெயராலேயே இன்றைக்கும் இந்தோனேசியாவில் இந்த மீனை ‘முஜாய்ர்’ என்கிறார்கள்.

கிடைத்தவை மொத்தம் 5 மீன்கள் என்கின்றன அறிவியல் பதிவுகள். அவற்றின் வாரிசுகள்தான் ஜாவாவிலிருந்து மலேயா, தாய்லாந்து, தைவான், பிலிப்பைன்ஸ், இலங்கை, இந்தியா என்று பரவின. ஒரு பெரிய மந்தையிலிருந்து நாலைந்து ஆடுகளை மட்டும் பிரித்து, அவற்றை வைத்தே ஒரு ஊர் முழுக்க ஆடு வளர்த்தால் எப்படி இருக்கும்? எல்லாம் பங்காளிகளாகவே இருக்கும். மரபியலில் இதற்கு ‘நிறுவனர் விளைவு’ என்று பெயர். மூல மந்தையில் இருந்த மரபணு வகைகளில் பெரும்பகுதி அந்த ஐந்தோடு சேர்ந்து வரவே இல்லை.

ஆசிய ஜிலேபியின் வளர்ச்சி மந்தமாக இருப்பதற்கு இந்த நெருங்கிய உறவுக் கலப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. அது மீனின் வாய்க்குள் இருக்கிறது.

வாயே தொட்டில்

இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆண் ஜிலேபி நிறம் மாறும். உடல் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரங்கள் சிவக்கும். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் வாயாலேயே மண்ணை அள்ளித் துப்பி, தட்டு மாதிரி வட்டக் குழி தோண்டும். அணையிலோ கண்மாயிலோ தண்ணீர் வற்றும்போது சேற்றில் வட்ட வட்டமாக அடுத்தடுத்துக் குழிகள் தெரியுமே, அவற்றில் பல இந்த ஆண் மீன்களின் வேலை.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொந்தக்காரன். பக்கத்துக் குழிக்காரனோடு சண்டை ஓயாது. இந்தச் சண்டையில் சிறுநீருக்கும் பங்கு உண்டு என்று போர்ச்சுகலின் அல்கார்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பலசாலி ஆண் சிறுநீரைத் தேக்கி வைத்து, எதிராளி வரும்போது விடும். அதில் கலந்திருக்கும் வேதிப்பொருள் ‘நான் பெரிய ஆள்’ என்ற தகவலைச் சொல்லும். அதே வாசனை பெண் மீனின் முட்டை முதிர்வதையும் தூண்டுகிறது. சில சின்ன ஆண்கள் இன்னொரு வழி வைத்திருக்கின்றன. பெண் மீனைப் போலவே நிறத்தையும் நடத்தையையும் வைத்துக்கொண்டு குழிக்குள் நுழைந்து, முட்டைகள் மேல் தன் விந்தையும் விட்டுவிட்டு நழுவிவிடும்.

பெண் குழியில் முட்டையிட்ட உடனே திரும்பி அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் விந்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அத்தோடு ஆணின் பங்கு முடிந்தது. அது அடுத்த பெண்ணை எதிர்பார்த்துக் குழியிலேயே இருக்கும். பெண் ஒதுங்கிப் போய்விடும்.

அதற்குப் பிறகு அந்த வாய்தான் தொட்டில். முட்டைகளுக்குக் காற்றோட்டம் கிடைக்க வாய்க்குள்ளேயே புரட்டிக்கொண்டே இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து நாட்களில் பொரியும். ஆனாலும் குஞ்சுகளை வெளியே விடாது. கருப்பை மஞ்சள் கரைந்து, நீந்தும் பலம் வந்த பிறகுதான், கிட்டத்தட்ட பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வெளியே விடும். அதன் பிறகும் ஆபத்து என்றால் எல்லாம் ஓடிவந்து அம்மாவின் வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

இந்த நாட்களில் தாய் மீன் ஏறக்குறைய பட்டினி. வாயில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரை எடுக்க முடியாதே. வலையில் ஏறிய ஜிலேபியின் வாயிலிருந்து சில சமயம் பொடிக் குஞ்சுகள் கொட்டுவதைப் பார்த்து, ‘சொந்தக் குஞ்சையே தின்னிருக்கு பாரு’ என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். பயத்தில் அது துப்புவது, தின்னாமல் காப்பாற்றி வைத்த குஞ்சுகளைத்தான்.

முகத்துவாரத்தில் இந்தப் பழக்கம் எவ்வளவு பயன்படும் என்று யோசித்தால் புரியும். முட்டையைத் தரையில் விட்டால் வெள்ளம் அடித்துப் போகலாம், மணல் மூடலாம், தண்ணீர் வற்றிக் காய்ந்து போகலாம். வாயில் வைத்திருந்தால் வீட்டையே தூக்கிக்கொண்டு நகரலாம். திலேப்பியா குடும்பத்தை வகைப்படுத்தியதிலும் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எத்தல்வின் ட்ரெவாவாஸ் 1983-ல் வெளியிட்ட நூலில், தரையில் முட்டையிட்டுக் காவல் காப்பவை ஒரு பேரினம், தாய் மட்டும் வாயில் வளர்ப்பவை இன்னொரு பேரினம் என்று பிரித்தார். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் அப்பாவே முட்டைகளை வாயில் சுமக்கும் வகையும் இருக்கிறது.

கட்லாவுக்கு வருஷா வருஷம் குஞ்சு விடணும், ஜிலேபிக்கு?

கட்லாவும் ரோகுவும் ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். இட்டதும் வேலை முடிந்தது. ஆனால் அதற்கு மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். தேங்கிய தண்ணீரில் அவை பொதுவாக முட்டையிடாது. 1957 ஜூலை 10-ல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சு உற்பத்தி மனிதர் கைக்கு வந்தது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வைகை அணையை ஒட்டி மீன்வளத் துறையின் மீன் பண்ணை இருப்பதும், அணைகளில் தொடர்ந்து குஞ்சு விடுவதும் இதனால்தான். சொல்லப்போனால் கட்லாவும் ரோகுவும்கூட நம்ம ஊர் மீன்கள் இல்லை. கங்கைப் பக்கத்திலிருந்து வந்தவை.

ஜிலேபிக்கு இந்தத் தொந்தரவே கிடையாது. இடும் முட்டை சில நூறுதான், பெரிய மீனாக இருந்தால் ஆயிரத்துச் சொச்சம். ஆனால் அம்மா வாயிலேயே வளர்வதால் பிழைப்பவை அதிகம். கம்பம் பள்ளத்தாக்கின் வெயில் அதற்கு வாய்ப்பாகிவிடுகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு பெண் மீன் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே, விரல் நீளம் இருக்கும்போதே, முட்டையிடவும் தொடங்கிவிடும்.

சின்னதாக இருக்கும் ரகசியம் இங்கேதான். ஒரு மீன் சாப்பிடுவது இரண்டு வழியில் செலவாகும்: உடம்பு வளர்க்க, முட்டை உருவாக்க. சீக்கிரமே தாயானால் உடம்புக்குப் போக வேண்டியது முட்டைக்குப் போய்விடும். மேலே பட்டினி நாட்கள் வேறு. அதனால் பெண் ஜிலேபி ஆணைவிடச் சின்னதாகவே நின்றுவிடுகிறது. குஞ்சுகள் பெருகப் பெருக இரைக்குப் போட்டி. நெருக்கடி கூடும்போது இந்த மீன் இன்னும் இளம் வயதில், இன்னும் சின்ன உடம்போடு முட்டையிடத் தொடங்குகிறது. குளம் நிறைய மீன் இருக்கும்; எடை போட்டால் கிலோவுக்கு எண்ணிக்கை ஏறும், விலை இறங்கும். அடி வாங்குவது மீனவர்.

சொந்தக் குஞ்சைக் காக்கும் இதே மீன் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. பாசி, மட்கிய குப்பை, புழு, முட்டை எது கிடைத்தாலும் இரைதான். அயிரைக் குழம்புக்குப் பெயர்போன வட்டாரத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலில் மொசாம்பிக் திலேப்பியாவும் இருக்கிறது.

கரிமீன் இதுக்கு என்ன உறவு?

குமுளி தாண்டினால் தட்டில் வரும் கரிமீன் ஜிலேபிக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுமே சிக்ளிட் என்ற பெருங்குடும்பம். கரிமீன் தென்னிந்தியா, இலங்கைக் கடலோர உவர்நீரின் சொந்த மீன். கேரளத்தின் மாநில மீனும் அதுதான். அது வாயில் சுமப்பதில்லை. தரையில் ஒட்டவைத்த முட்டையை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து காவல் காக்கும்.

கரிமீனுக்கு மிக நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இல்லை, மடகாஸ்கர் தீவில் இருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த நிலங்கள். நிலம் பிரிந்தபோது மீனும் பிரிந்ததா, இல்லை பின்னாளில் உப்பைத் தாங்கும் மூதாதை மீன் கடலைக் கடந்து போனதா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடியவில்லை.

கிஃப்ட் திலேப்பியா ‘மரபணு மாற்றப்பட்ட’ மீனா?

இப்போது பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகளிடம் ‘மரபணு மேம்படுத்தப்பட்ட கிஃப்ட் திலேப்பியா’ பேச்சு அடிபடுகிறது. பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களும் உண்டு. இது மரபணுவை வெட்டி ஒட்டிய மீன் இல்லை. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டம் இது. நைல் திலேப்பியா என்ற வேறொரு இனத்தை எடுத்துக்கொண்டார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் ஆறு ஏரிகளிலிருந்து நான்கு வகை, பண்ணைகளிலிருந்து நான்கு வகை சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்ததை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்தார்கள். நல்ல பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பது மாதிரிதான். ஜாவாவின் 5 மீன் கதைக்கு நேர் எதிரான வழி இது.

ஆனால் நைல் திலேப்பியாவும் வாயில் வளர்க்கிற மீன்தான். ஆண், பெண் இரண்டையும் குட்டையில் விட்டால் பழைய கதையே திரும்பும். அதனால்தான் பண்ணைகளில் ஆண் மீன்கள் மட்டும். 1960-ல் மலாக்காவில் ஹிக்லிங் என்ற ஆய்வாளர் மொசாம்பிக் பெண்ணையும் இன்னொரு இனத்தின் ஆணையும் இணைத்தபோது பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆணாக இருந்தன. மொசாம்பிக் இனத்தில் மனிதர்கள் போல ஆணின் விந்து பாலினத்தை முடிவு செய்கிறது. அந்த இன்னொரு இனத்தில் கோழி மாதிரி தாயின் முட்டை முடிவு செய்கிறது. இரண்டு ஏற்பாடும் ஒன்று சேரும்போது பெண் பிறக்கவே வழியில்லாமல் போனது.

இன்றைக்குப் பரவலாக இருப்பது வேறு முறை. பாலினம் நிலைப்பதற்கு முன், வாயிலிருந்து வெளிவந்த வயதில் உள்ள குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுப்பார்கள். மீன் விற்பனைக்கு வருவது அதற்குப் பல மாதம் கழித்து. அதற்குள் ஹார்மோன் உடலிலிருந்து வெளியேறிவிடும். கவனிக்க வேண்டியது குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வெளியே போகும் கழிவு நீரைத்தான்.

பண்ணையிலிருந்து மீன் தப்பினால்?

இதனால்தான் திலேப்பியா வளர்க்க அரசு அனுமதி தேவை. அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தின் ஆண் குஞ்சு அல்லது மலட்டுக் குஞ்சு மட்டுமே விட வேண்டும், தண்ணீர் வெளியேறும் வழியில் வலை கட்ட வேண்டும் என்பது விதி. ஹார்மோன் முறையில் நூற்றுக்கு நூறு ஆண் வருவது கடினம். ஒரு மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் வாய்க்கால், வாய்க்கால் வழியே கண்மாய், அங்கிருந்து ஆறு.

தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஜிலேபியின் சொந்த ஊரிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றுப் பகுதியில் நைல் திலேப்பியா புகுந்து, அங்குள்ள மொசாம்பிக் திலேப்பியாவோடு கலந்துவிட்டது. கலப்பில்லாத மூல இனம் சுருங்குகிறது. நம்ம ஊரில் தொல்லையாகிப் போன இதே மீன், பிறந்த மண்ணில் ‘அழியும் வாய்ப்புள்ள’ இனமாகப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

தேனிக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உருவானது தேக்கடி ஏரி. சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வரும் தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த ஏரியிலும் ஜிலேபியும் சாதாக் கெண்டையும் வேரூன்றிவிட்டன. அதன் மேல் ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றை 1941-ல் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சுந்தர ராஜ் உலகுக்கு அறிவித்தார். லெபிடோபிகாப்சிஸ் டைப்பஸ் என்பது அதன் அறிவியல் பெயர். உடலில் செதில் மிகக் குறைவு. குதத் துடுப்பை ஒட்டி மட்டும் ஓடு வேய்ந்தது போல ஒரு வரிசை. பெரியாற்றின் தலைப்பகுதி ஓடைகளை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஜிலேபிக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது?

வால் துடுப்பைப் பார்த்தால் போதும். செங்குத்தாகக் கோடு கோடாக வரி இருந்தால் அது நைல் இனம், அதாவது கிஃப்ட் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கோடு இல்லாமல் இருந்தால் பழைய ஜிலேபி. வரி பாதியும் மங்கல் பாதியுமாக இருந்தால் இரண்டும் கலந்த வாரிசாக இருக்கலாம். அதை உறுதி செய்ய மரபணுச் சோதனைதான் வேண்டும். அணையிலோ கண்மாயிலோ பிடித்த மீனின் வாலில் வரி தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று மீன்வளத் துறை விசாரிக்க வேண்டிய விஷயம் அது.